கேளுங்கள், சொல்கிறோம்: காப்பகத்தில் இருந்த எள்ளுப்பாட்டி

கேள்வி: நான் தஞ்சாவூர்க்காரி, கல்யாணமாகி லீட்ஸில் இருக்கிறேன். கணவர் யார்க்‌ஷயர்க்காரர். அவருடைய எள்ளுப்பாட்டி 1879-ல் பிரசவத்தில் இறந்துவிட்டார் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1881 சென்சஸில் அதே பெயர், அதே வயது, அதே பிறந்த ஊரோடு ஒரு பெண் வேக்ஃபீல்டு மனநலக் காப்பகத்தில் நோயாளியாக இருக்கிறார். எள்ளுத்தாத்தாவோ அதே சென்சஸில் தன்னை மனைவியை இழந்தவர் என்று பதிந்திருக்கிறார். மேற்கொண்டு எங்கே தேடுவது? மாமியாருக்கு இதைக் கிளறுவதில் இஷ்டமில்லை. — வாசகி, லீட்ஸ்

பதில்: எள்ளுத்தாத்தா பொய் சொன்னார் என்று உடனே கோபப்படாதீர்கள். மனைவிக்கு மனநோய் என்ற காரணத்துக்காக இங்கிலாந்தில் விவாகரத்து வாங்க 1937-ல்தான் சட்டம் வந்தது, அதுவரை அந்த மனிதருக்கு மனைவி இருந்தும் இல்லை. அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் 'செத்துப்போய்விட்டாள்' என்று சொன்ன குடும்பங்கள் ஏராளம். நம்மூரில் கீழ்ப்பாக்கம் என்ற பேரைச் சொல்லவே ஒரு காலத்தில் எப்படிக் கூசினோமோ அதேதான். ஆனாலும் அவர்தான் இவர் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம், ஒரே பெயரில் ஒரே வயதில் அந்த ஊர்களில் ஆட்கள் நிறைய.

முதலில் சேர்க்கைத் தேதியைப் பிடியுங்கள். 1845 சட்டப்படி எல்லாக் கவுண்டிகளும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மனநலக் காப்பகம் வைத்தே ஆகவேண்டும், அங்கே யாரைச் சேர்த்தாலும் காப்பகங்களை மேற்பார்க்க லண்டனில் இருந்த ஆணையர்களுக்குத் தகவல் போக வேண்டும். அந்தப் பதிவேடுகள் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.ஹெச். 94 (MH 94) என்ற வரிசையில் இருக்கின்றன. 1846 முதல் 1912 வரை உள்ளவை குடும்ப வரலாறு தேட உதவும் ஆன்செஸ்ட்ரி என்ற சந்தா தளத்தில் இருக்கின்றன. அங்கே பல பொது நூலகங்களில் அதை இலவசமாகப் பார்க்க விடுவார்கள், சந்தா கட்டுவதற்கு முன் விசாரித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரே ஒரு வரிதான்: பெயர், எந்தக் காப்பகம், சேர்ந்த நாள், வெளியேறிய அல்லது இறந்த நாள், போகும்போது குணமா, ஓரளவு தேவலையா, மாற்றமில்லையா, அவ்வளவே. நமக்கு அந்தச் சேர்ந்த நாள்தான் முக்கியம், ஏனென்றால் காப்பக டாக்டர்கள் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறிப்பெழுதிய கேஸ் புத்தகங்கள் அந்த வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கும்.

வேக்ஃபீல்டு என்பதால் உங்களுக்கு அலைச்சல் குறைவு. 1818-ல் திறந்து, பிற்பாடு ஸ்டான்லி ராய்டு என்று பேர் மாறி, 1995-ல் மூடிய காப்பகம் அது. அதன் ஏடுகள் அதே ஊரில் மேற்கு யார்க்‌ஷயர் ஆவணச் சேவையிடம் உள்ளன. நோயாளி ஏடுகளைப் பொதுவாக 100 வருடம் பூட்டி வைப்பார்கள், உங்களுடையது அதைத் தாண்டியாயிற்று.

கேஸ் புத்தகம் கையில் கிடைத்ததும் வேகமாகப் புரட்டாதீர்கள். ஒரு மில் தொழிலாளியின் மனைவியைப் பற்றி அந்தக் காலத்தில் இவ்வளவு எழுதிவைத்தவர்கள் வேறு யாரும் கிடையாது. உடல் இளைத்திருந்ததா, எத்தனை பிள்ளைகள், தூங்கினாரா, சாப்பிட்டாரா, அமைதிப்படுத்த குளோரலோ புரோமைடோ மருந்து கொடுத்தார்களா, அப்புறம் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாரா என்பது வரை வரும். அந்தக் காலத்து ஏடுகள் பலவற்றில் பக்க ஓரத்தில் ஒரு புகைப்படமும் ஒட்டியிருக்கும். உங்கள் கணவர் வீட்டில் அவருடைய வேறு படமே இல்லாமல் இருக்கலாம்.

சேர்க்கும்போது கொடுத்த மருத்துவச் சான்றிதழை மட்டும் சந்தேகக் கண்ணோடு படியுங்கள். அதில் இரண்டு பகுதி உண்டு: டாக்டர் நேரில் பார்த்தது, மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. இரண்டாவது பகுதியில் பேசுவது பெரும்பாலும் கணவனோ, மாமியாரோ, பக்கத்து வீட்டுக்காரியோதான், அந்தப் பெண் அல்ல. 'காரணம்' என்ற கட்டத்தில் மதப் பித்து, குடி, பிள்ளைப்பேறு, வீட்டுக் கவலை என்று ஏதோ ஒன்று போட்டிருக்கும், என்னைக் கேட்டால் அதற்குப் பாதி மதிப்புக்கூடக் கொடுக்க மாட்டேன். வலிப்பு நோய்க்காரர்களையும் அங்கேதான் அடைத்தார்கள். பொதுப் பக்கவாதம் (General Paralysis) என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் முற்றிய சிபிலிஸ் என்ற பால்வினை நோய், மூளையில் அந்தக் கிருமியையே 1913-ல்தான் கண்டார்கள். 'பாப்பர்' (pauper, ஏழை) என்று பார்த்துவிட்டுப் பிச்சைக்காரக் குடும்பமோ என்று பதற வேண்டாம், செலவை வட்டார ஏழையர் நிதி ஏற்றது என்றுதான் பொருள். சம்பாதிக்கிற குடும்பத்துக்கும் அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனக்கலக்கத்தோடு போனவர்களில் பலர் சில மாதங்களில் தேறி வீடு திரும்பினார்கள். உங்கள் எள்ளுப்பாட்டி 1879-லேயே போய் 1881-லும் உள்ளே இருந்தால் விஷயம் வேறாக இருக்கலாம், அல்லது இரண்டாம் முறை போயிருக்கலாம். எனவே பதிவேட்டில் ஒரு வரி கிடைத்ததும் நிறுத்தாமல் முன்னும் பின்னும் பாருங்கள். அங்கேயே இறந்திருந்தால் இறப்புப் பதிவு வேக்ஃபீல்டு மாவட்டத்தில் இருக்கும், சொந்த ஊரில் தேடினால் கிடைக்காது. குடும்பத்தில் யாருக்கும் இதுவரை அகப்படாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மாமியார் விஷயம்: ஏட்டில் உறவினர்களுக்கு இருந்த நோய்களைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். அதனால் இணையத்தில் எல்லோரும் பார்க்கும் குடும்ப மரத்தில் உடனே ஏற்றிவிடாமல், முதலில் அவரிடம் சொல்லுங்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி: கீழ்ப்பாக்கத்தில் இருந்த நம்மவர்களையும் இப்படித் தேட முடியுமா? — வாசகர், சென்னை

பதில்: இவ்வளவு சுலபமில்லை. 1794-ல் தொடங்கிய சென்னைக் காப்பகம் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871-ல். மாகாணக் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, ஆனால் அவற்றில் பெரும்பாலும் எண்ணிக்கைகள்தான், பெயர்கள் அரிது. வெள்ளைக்காரர்கள் பலரைக் கப்பலேற்றி லண்டன் ஹாக்னியில் இருந்த பெம்புரோக் இல்லத்துக்கும், 1870-லிருந்து 1892 வரை ஈலிங்கில் இருந்த காப்பகத்துக்கும் அனுப்பினார்கள். அந்த ஏடுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் பத்திரமாக உள்ளன. நம் ஆட்களுக்கு, மருத்துவமனைக்கு உறவுமுறையைச் சொல்லி எழுத்தில் கேட்டுப் பாருங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதானால் வருடமாவது கையில் இருக்க வேண்டும், வெறும் பெயரோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.