கோடியக்கரைப் படகுக்கு லித்தியம் பேட்டரி நாமே கட்டலாமா?

கட்டலாம், ஆனால் லேப்டாப்பில் இருந்து கழற்றிய பழைய செல்களைத் தொடவே வேண்டாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் வாங்குங்கள், அது எளிதில் தீப்பிடிக்காது. ஒரு செல் 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி செல் நான்கை சீரிஸில் போட்டால் 12.8 வோல்ட், 1280 வாட்-மணி, இரவு முழுக்க 10 வாட் விளக்கு மூன்றும் ஜிபிஎஸ்ஸும் ஓடினாலும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். சீரிஸில் போடும் முன் நான்கையும் பேரலலாக இணைத்து 3.65 வோல்ட் வரை ஏற்றிச் சமன் செய்யுங்கள், இதில் அவசரப்படவே கூடாது. பிஎம்எஸ், அதாவது செல்கள் அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் காக்கும் சர்க்யூட், கட்டாயம், பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸும் வேண்டும். இன்ஜினில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை நேரடியாக பேட்டரிக்குக் கொடுத்தால், லித்தியம் இழுக்கிற கரண்டில் அது சூடாகிக் கருகிவிடலாம், நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். அப்புறம் நம்ம உப்புக்காற்றுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் சரி.