நாலு வயதில் தட்டைப் பாதம்: தனி ஷூ வேண்டுமா?

"என் மகளுக்கு நாலு வயது. பாதம் தட்டையாக இருக்கிறது. நடக்கும்போது இரண்டு பாதமும் உள்பக்கம் திரும்புகின்றன, ஓடினால் தடுக்கி விழுகிறாள். வளைவு வைத்த ஷூ போட்டால் சரியாகுமா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

ஷூவுக்குச் செலவு செய்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மகளை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். உள்ளங்காலில் வளைவு தெரிந்தால் அவள் பாதம் நெகிழ்வானது, பயப்பட வேண்டாம். சின்ன வயதில் தசைநார்கள் தளர்வாக இருக்கும், உள்ளங்காலில் கொழுப்பும் நிறைந்திருக்கும். அதனால்தான் வளைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. வளர வளர அது தானாக உருவாகும். சிலருக்குக் கடைசிவரை தட்டையாகவே இருக்கும், ஆனாலும் நன்றாக ஓடுவார்கள். ஷூவுக்குள் வைக்கும் அட்டை வலியைக் குறைக்கலாம், வளைவை உண்டாக்காது. வலியே இல்லாத குழந்தைக்கு அது எதற்கு?

அப்புறம் உள்பக்கம் திரும்புவது. அவள் நடந்து வரும்போது பாதத்தை விடுங்கள், முழங்கால் சில்லைக் கவனியுங்கள். சில்லும் உள்பக்கம் பார்த்தால் திருகல் தொடை எலும்பில் இருக்கிறது. சில்லு நேராக இருந்து பாதம் மட்டும் திரும்பினால் பெரும்பாலும் கீழ்க்கால் எலும்பில். இரண்டுமே பெரும்பாலான குழந்தைகளுக்கு எட்டு, பத்து வயதுக்குள் நேராகிவிடும். தொடைத் திருகல் உள்ள பிள்ளைகள் முழங்காலை மடக்கிப் பாதங்களை இரண்டு பக்கமும் வெளியே விட்டு உட்காருவார்கள். அவர்களுக்கு அதுதான் வசதி, தயவுசெய்து அதற்காகத் திட்டாதீர்கள். வீட்டுக்குள் வெறுங்காலுடன் ஓடியாடட்டும். வெளியே போக, முன்பகுதி எளிதாக வளைகிற, விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமுள்ள சாதாரண ஷூ போதும்.

ஆனால் சில விஷயங்களைத் தள்ளிப்போடக் கூடாது. நுனிக்காலில் நின்றும் வளைவு வராத விறைப்பான பாதம், ஒரு காலில் மட்டும் மாற்றம், நொண்டல், காலையில் மூட்டு வீக்கம் அல்லது இறுக்கம், மூன்று வயதுக்குப் பிறகும் எப்போதும் நுனிக்காலிலேயே நடப்பது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுவது, இவற்றில் எது இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு நொண்டினாலோ காலை ஊன்ற மறுத்தாலோ அன்றே போங்கள்.

போகும்போது, அவள் வீட்டில் நடப்பதை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் போனில் வீடியோ எடுத்துப் போங்கள். மருத்துவர் முன்னால் பல குழந்தைகள் இயல்பாக நடப்பதில்லை.