சனிவார் வாடாவில் கேட்கும் குரல்

கேள்வி: புனேயின் சனிவார் வாடா கோட்டையில் பௌர்ணமி இரவுகளில் ஓர் இளைஞனின் அலறல் கேட்கிறதாமே, உண்மையா? (வாசகி, ஈரோடு)

பதில்: அலறலை மெய்ப்பிக்கும் சான்று எதுவும் இல்லை என்றாலும், அந்தக் கதைக்கு அடியில் கிடக்கும் கொலை ஐயத்துக்கு இடமில்லாத வரலாறு. மராத்தியப் பேரரசின் பேஷ்வா (தலைமை அமைச்சர்) முதலாம் பாஜிராவ் கட்டிய இம்மாளிகையில், 1773 ஆகஸ்ட் 30 அன்று, பதவியேற்று ஓராண்டுகூட நிறையாத பதினெட்டு வயதுப் பேஷ்வா நாராயணராவைக் கார்தி எனப்பட்ட கூலிப்படைக் காவலர்கள் வெட்டிக் கொன்றார்கள். அவர் தம் சித்தப்பா ரகுநாதராவிடம் ஓடி, "சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று மராத்தியில் கதறியதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்று கேட்பதாக நம்பப்படுவதும் அதே சொற்கள்தாம். அந்தச் சித்தப்பாவே இக்கொலைக்குப் பொறுப்பானவர் என்று, அவர் பேஷ்வாவாக அமர்ந்திருந்தபோதே, தலைமை நீதிபதி ராம்சாஸ்திரி பிரபுணே அஞ்சாமல் தீர்ப்பளித்தார். பேயைப் பற்றிப் பேசுவோர் இந்த நீதிபதியை மறந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. நாராயணராவ் இறந்தபின் பிறந்த மகன் சவாய் மாதவராவும் 1795-இல் இதே மாளிகையின் மாடத்திலிருந்து விழுந்து உயிரிழந்ததால், கதை மேலும் வேரூன்றியிருக்கலாம். 1828-இல் மூண்ட தீயில் உட்கட்டடங்கள் அழிந்துபோயின. மதிலும் வாயில்களும் அடித்தளங்களுமே எஞ்சியுள்ளன.