காசு குடுக்கறதுக்கு முன்னாடி சீட்போஸ்ட்ட உருவிப் பாருங்க

சைக்கிள் கேள்வி பதில் | கோலாலம்பூர்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல எலக்ட்ரானிக் கியர் பத்திதான், அதாவது பட்டனை அழுத்தினா மோட்டார் கியர் மாத்தற வகை. எந்த கியர் வாங்கலாம்னு எல்லாரும் கேக்கறீங்க, எந்த ஃப்ரேம்ல அதைப் போடப்போறோம்னு கேக்கறவங்க கம்மி. அப்படிக் கேட்டவங்களோட கடிதமா பாத்து நாலு எடுத்திருக்கேன்.

கேள்வி: அண்ணே, அஞ்சு வருஷமா அலுமினியம் ரோட் பைக் ஓட்டறேன். ஞாயித்துக்கிழமை உலு லங்காட் பக்கம், மாசத்துல ஒரு தடவை கெந்திங் பெராஸ் ஏறுவேன். ஃப்ரேம் மாத்தி ஷிமானோவோட எலக்ட்ரானிக் கியர் 105 டிஐ2 போடலாம்னு ஆசை. ஒருத்தர் செகண்ட் ஹேண்ட் கார்பன் ஃப்ரேம் 2,800 வெள்ளிக்கு தர்றேங்கறார், ஆனா அது கேபிள் கியருக்கு செஞ்ச ஃப்ரேமாம். வாங்கலாமா, இல்ல டிஐ2 ரெடின்னு போட்டிருக்கற ஃப்ரேம்தான் வேணுமா?
(செந்தூல் வாசகர்)

பதில்: தம்பி, அந்த ஃப்ரேம்ல என்ன பிரேக்னு நீங்க எழுதல, அதைத்தான் முதல்ல பாக்கணும். 2022ல வந்த 105 டிஐ2 டிஸ்க் பிரேக்குக்கு மட்டும்தான், சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக்குக்கு லீவரே அதுல கிடையாது. ஃப்ரேம் ரிம் பிரேக்னா இந்தப் பேச்சு இங்கயே முடிஞ்சது, அடுத்த ஃப்ரேமைப் பாருங்க.

டிஸ்க்னு வெச்சுக்கிட்டுப் பேசுவோம். ஷிமானோ 2009ல டூரா-ஏஸ்ல டிஐ2வ கொண்டு வந்தப்ப லீவர்லேர்ந்து டெரெய்லர் (செயினைப் பல்லு மாத்தித் தள்ளற பாகம்) வரைக்கும் எல்லாமே வயர்தான், அதனால ஹேண்டில் பக்கத்துலேர்ந்து ஃப்ரேமுக்குள்ள வயர் இறங்க வழி வேணும், அந்தக் காலத்துல டிஐ2 ரெடிங்கற பேச்சுக்கு ரொம்ப அர்த்தம் இருந்துச்சு. 2021ல 12 ஸ்பீட் (பின்னாடி 12 பல்சக்கரம்) வந்ததும் லீவர் வயர்லெஸ் ஆயிடுச்சு, 105ம் அப்படித்தான். ஆனா முழுசா வயர் போயிடல, இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க. சீட்டைத் தாங்கற கம்பியான சீட்போஸ்டுக்குள்ள ஒரு பேட்டரி உக்காந்திருக்கும், அதுலேர்ந்து ஒரு வயர் முன்னாடி டெரெய்லருக்கு, இன்னொண்ணு பின்னாடி டெரெய்லருக்கு. ஃப்ரேமோட முன்பாதியைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம், பின்பாதியைத்தான் நோண்டிப் பாக்கணும்.

பின்னாடி டெரெய்லர் வழி பெரும்பாலும் பிரச்சனை பண்ணாது. கேபிள் உள்ளுக்குள்ள போற ஃப்ரேம்னா வலது செயின்ஸ்டே (பின் சக்கரத்துக்குப் போற கீழ்க்குழாய்) கடைசில கேபிள் வெளிய வர ஒரு ஓட்டை இருக்கும், அந்த முனையில இருக்கற சின்ன மூடியைக் கழட்டிட்டா புது டிஐ2 வயர் அதுல வந்துரும், வயர் முனை ரொம்பச் சின்னது. கேபிள் வெளிய ஓடற ஃப்ரேம்னா அந்த ஓட்டையே இருக்காது. தகராறு முன்னாடி டெரெய்லர்லதான் வரும். கேபிள் ஃப்ரேம்கள் நிறையதுல முன்னாடி கேபிள் பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு சுத்தற இடம்) அடியில வெளிய வந்து அப்படியே மேல ஏறிப் போகும், ஆனா டிஐ2 வயர் சீட் ட்யூப்ல (சீட்போஸ்ட் இறங்கற குழாய்), டெரெய்லருக்குப் பக்கத்துலயே வெளிய வரணும். அந்த இடத்துல ஓட்டை இல்லைன்னா வயர் வர வழியே இல்ல. விக்கறவர்கிட்ட ஃப்ரேம் போட்டோ கேட்டா எல்லாரும் பக்கவாட்டுல அழகா எடுத்து அனுப்புவாங்க, நீங்க சீட் ட்யூப்ல கிராங்க்குக்கு (பெடல் மாட்டற கை) மேல நாலு விரல்கடை கிட்டத்துல க்ளோசப் போட்டோ கேளுங்க.

அப்புறம் நேர்ல போறப்ப ஒரு ஆலன் கீ எடுத்துட்டுப் போய் சீட்போஸ்ட்ட உருவிப் பாருங்க. டார்ச் அடிச்சா பாட்டம் பிராக்கெட் வரைக்கும் வழி தெரியணும். சில ஃப்ரேம்ல சீட் ட்யூப் அடியில அடைச்சிருக்கும், சிலதுல பாட்டில் ஸ்க்ரூ உள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். சீட்போஸ்ட் வட்டமா 27.2 மில்லிமீட்டர்னா பேட்டரி உள்ள நிக்க வைக்கிற பிடி சுலபமா கிடைக்கும். டி மாதிரி இல்ல கத்தி மாதிரி ஏரோ சீட்போஸ்ட்னா அந்தக் கம்பெனி செஞ்ச பிடிதான் சேரும், பழைய மாடலுக்கு அது கிடைக்காம அலைய வேண்டி வரும், அதனால பிடியும் கையோட குடுங்கன்னு பேசி முடிச்சிட்டே காசு குடுங்க.

பாட்டம் பிராக்கெட்டப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். என் பைக்ல திருகு போடற பாட்டம் பிராக்கெட், நடுவுல ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும், வயர் அந்தக் குழாய்க்கும் ஃப்ரேமுக்கும் இடையில நெளிஞ்சு போகணும். மாட்டிக் குடுத்த கடையில அவசரத்துல வயரை நசுக்கி முறுக்கிட்டாங்க. மூணு வாரம் நல்லா ஓடுச்சு. உலு யாம் ஏத்தத்துல பாதி வழியில பின்னாடி டெரெய்லர் செத்துப்போச்சு, கடைசியா எந்த கியர்ல இருந்துச்சோ அதுலயே நின்னுடுச்சு, நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்தேன். வயர் விலை பெருசில்ல, ஆனா அதை மாத்த கிராங்க், பிராக்கெட் எல்லாத்தையும் கழட்டணும். அதனால கிராங்க் மாட்டறதுக்கு முன்னாடி வயரைக் கண்ணால பாக்கணும்னு கடைக்காரர்கிட்ட சொல்லுங்க, கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

இதெல்லாம் சரியா இருந்து ஃப்ரேம் அளவும் உங்களுக்குப் பொருந்தினா தாராளமா வாங்குங்க. அளவு பொருந்தலன்னா ஓட்டை எவ்வளவு அழகா இருந்தாலும் வேணாம். கெந்திங் பெராஸ் ஏறி இறங்கின பிறகு வலிக்கப்போறது உங்க கழுத்தும் முதுகும்தான், அதுக்கு டிஐ2 ஒண்ணும் பண்ணாது. இப்ப ஓட்டற பைக்கோட ஸ்டாக் (ஃப்ரேம் முன்பக்க உயரம்), ரீச் (முன்னாடி எட்டற நீளம்) நம்பரை எழுதி வெச்சுக்கிட்டு அந்தக் கார்பன் ஃப்ரேமோட அதே நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க.

கேள்வி: எங்கப்பா 1980கள்ல ஓட்டின ஸ்டீல் ரேசிங் சைக்கிள் வீட்ல சும்மா கிடக்குது. பெயிண்ட் அடிச்சு எலக்ட்ரானிக் கியர் போட்டு நான் ஓட்டணும். வயருக்கு டிரில் போட்டு ஓட்டை போடலாம்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. சரியா?
(பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்)

பதில்: வேணாம் தம்பி, தயவு செஞ்சு ஓட்டை போட விடாதீங்க. மிதிக்கிற பலமெல்லாம் பாட்டம் பிராக்கெட் பக்கத்துலதான் வந்து இறங்குது, மெல்லிசான ஸ்டீல் குழாயில அங்க டிரில் போட்டா விரிசல் அந்த ஓட்டை ஓரத்துலேர்ந்து கிளம்பும், நம்ம ஊர் மழைக்குத் துருவும் அங்கதான் பிடிக்கும். கார்பன்லயும் இதே கதைதான், நாரையே வெட்டி விடறோம்.

இந்த சைக்கிளுக்குன்னே செஞ்ச மாதிரி ஒண்ணு இருக்கு. ஸ்ராம் கம்பெனி 2015ல அறிவிச்ச ரெட் ஈடேப், அந்த 11 ஸ்பீட் செட்டுல வயரே கிடையாது, ஒவ்வொரு டெரெய்லர் முதுகுலயும் சொந்தமா ஒரு சின்ன பேட்டரி, ரிம் பிரேக் லீவரும் இருந்துச்சு. இப்ப செகண்ட் ஹேண்ட்லதான் தேடணும், ஆனா பேட்டரி ஸ்ராமோட புது வயர்லெஸ் செட்டான ஆக்சஸ்ல வர்ற அதே பேட்டரிதான், அதனால கவலை இல்ல. ஃப்ரேம்ல மூணு விஷயம் பாருங்க. பின்னாடி சக்கரம் உக்கார்ற இடத்தோட அகலத்தை ஸ்கேல் வெச்சு அளங்க, அந்தக் காலத்து ஃப்ரேம் நிறையது 126 மில்லிமீட்டர், இப்பத்த ரிம் பிரேக் சக்கரத்துக்கு 130 வேணும். ஸ்டீல் வளையும்ங்கறதால அந்த 4 மில்லிமீட்டரைத் தெரிஞ்ச கைகாரர் விரிச்சுக் குடுப்பார், பின்னாடி டெரெய்லர் தொங்கற ஹேங்கரையும் நேராக்கிடுவார். முன்னாடி டெரெய்லர் மாட்ட சீட் ட்யூப்புக்கு வளையம் வேணும், பெரும்பாலும் 28.6 மில்லிமீட்டர் அளவு. டெரெய்லர் மாட்டற ஹேங்கர் ஃப்ரேமோட சேந்தே இருக்கான்னும் பாத்துக்கோங்க. இதெல்லாம் முடிச்சிட்டு கடைசியா பெயிண்ட் அடிங்க, முன்னாடியே அடிச்சா விரிக்கறப்ப கீறல் விழும்.

அப்பா சைக்கிள்னு எழுதியிருந்தீங்க, அதைப் படிச்சிட்டுதான் இவ்வளவு நீளமா எழுதறேன். அதுல ஓட்டை போட்டுட்டா திரும்ப அடைக்க முடியாது.

கேள்வி: என் உயரம் 152 செமீ, கை சின்னது. கேபிள் கியர்ல பெரிய பல்லுக்கு மாத்தறப்ப விரல் வலிக்குது, அதனால எலக்ட்ரானிக் போகணும்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கு வர்ற எக்ஸ்எஸ் ஃப்ரேம்ல ஏதாவது கவனிக்கணுமா?
(கிள்ளான் வாசகி)

பதில்: நல்ல முடிவு தங்கச்சி. எலக்ட்ரானிக் கியர்ல கேபிளை இழுக்கற வேலையெல்லாம் மோட்டார் பாத்துக்கும், நீங்க பட்டனை அழுத்தினா போதும், சின்னக் கைக்கு இதைவிட நிம்மதி வேற இல்ல. லீவரைக் கைப்பிடிக்குக் கிட்ட இழுத்து வெச்சுக்கவும் ஸ்க்ரூ இருக்கு, கடையிலயே உக்காந்து சரி பண்ணிக்கோங்க.

சின்ன ஃப்ரேம்ல ரெண்டு சிக்கல் வரும். டிஐ2ன்னா பேட்டரி சீட்போஸ்டோட அடி முனையில தொங்கும், உங்க உயரத்துக்கு சீட்டை நல்லா இறக்கி வெப்பீங்க, சீட் ட்யூப்பும் குட்டை, அதனால பேட்டரி கீழ போய் பாட்டில் ஸ்க்ரூல இடிக்கும், இல்ல வயர் மடிஞ்சு நசுங்கும். உங்க சீட் உயரத்துல சீட்போஸ்ட் எவ்வளவு உள்ள போகுதுன்னு அளந்து, அதுக்குக் கீழ பேட்டரி நீளம் போக இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கான்னு பாருங்க. ஸ்ராம் ஆக்சஸ்னா சீட்போஸ்ட் கவலை இல்ல, ஆனா முன்னாடி டெரெய்லரோட பேட்டரி பின் டயரைப் பாத்து உக்காந்திருக்கும், நீங்க 32 மில்லிமீட்டர் டயர் போடறவங்கன்னா நடுவுல இடைவெளி இருக்கான்னு மாட்டிப் பாத்துதான் வாங்கணும். இன்னொண்ணு, ஸ்ராம் 12 ஸ்பீடுக்குப் பெரும்பாலும் 10 பல்லுல ஆரம்பிக்கிற கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து), அதுக்கு எக்ஸ்டிஆர் (XDR) ஃப்ரீஹப், அதாவது கேசட் உக்கார்ற உருளை, வேணும், கையில இருக்கற சக்கரத்தை வெச்சே ஓட்டணும்னா அந்தச் செலவையும் சேத்துக் கணக்குப் போடுங்க. ஷிமானோ 12 ஸ்பீட் கேசட் பழைய 11 ஸ்பீட் ஷிமானோ ஹப்லயே உக்காந்துரும்.

புது ஃப்ரேம்தான்னா யூடிஹெச்ங்கற பொது அளவு ஹேங்கர் இருக்கற ஃப்ரேமா தேடுங்கன்னு சொல்லுவேன். பைக் வலது பக்கம் சாஞ்சு விழுந்தாலே ஹேங்கர் வளையும், வளைஞ்ச ஹேங்கர்ல எலக்ட்ரானிக் கியரும் கரகரன்னுதான் ஓடும். மாடலுக்கு மாடல் வேற ஹேங்கர்னா ஆர்டர் போட்டுக் காத்துக்கிட்டு கிடக்கணும், யூடிஹெச் எல்லா பிராண்டுக்கும் ஒரே அளவு.

கேள்வி: பினாங்குல 17வது மாடியில இருக்கோம், சைக்கிள் கீழ பார்க்கிங்ல. வாரம் 100 கிலோமீட்டர், பத்து ஃபிரிங்கி, தெலுக் பகாங், பாலிக் புலாவ் பக்கம், மழையில நனையாம வந்த நாளே கம்மி. எலக்ட்ரானிக் தாங்குமா?
(பினாங்கு வாசகர்)

பதில்: தாங்கும். மழையில முதல்ல சாகறது கேபிள்தான், அதுவும் இப்ப ஹேண்டிலுக்குள்ள, ஹெட்செட்டுக்குள்ள (ஹேண்டில் திரும்பற பேரிங்) வளைச்சு வளைச்சு விடற ஃப்ரேம்ல துரு பிடிச்சா கியர் கல்லு மாதிரி ஆயிடும். எலக்ட்ரானிக்ல அந்தத் தொல்லை இல்ல, ஆனா ஃப்ரேம்ல தண்ணி வடியற ஓட்டை பாட்டம் பிராக்கெட் அடியில இருக்கணும், வயர் வெளிய வர்ற ஒவ்வொரு இடத்துலயும் ரப்பர் மூடி இறுக்கமா இருக்கணும். நனைஞ்சு வந்தா சீட்போஸ்ட்ட உருவி பைக்கைத் தலைகீழா கவுத்து வெச்சிடுங்க, டிஐ2ன்னா பேட்டரி வயர் இழுபடாம பாத்து உருவுங்க.

உங்க வீட்டுக்கு நான் ஸ்ராம்தான் சொல்லுவேன். டிஐ2 ஒரு சார்ஜுக்கு சுமார் 1,000 கிலோமீட்டர் வரும்ங்கறாங்க, உங்க கணக்குக்கு பத்து வாரம், ஆனா சார்ஜ் போட பைக்கையே ப்ளக் இருக்கற இடத்துக்குக் கொண்டு போகணும், 12 ஸ்பீட்ல சார்ஜ் ஓட்டை பின்னாடி டெரெய்லர்ல இருக்கு. ஸ்ராம்ல ஒரு பேட்டரிக்கு சுமார் 60 மணி நேரம், கழட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டு லிஃப்ட்ல ஏறி வந்துரலாம். பாலிக் புலாவ் ஏத்தத்துல பின் பேட்டரி தீந்துட்டா முன்னாடி இருக்கறதைக் கழட்டி பின்னாடி மாட்டிக்கலாம், ரெண்டும் ஒரே பேட்டரிதான். பைக்கைக் காடியில ஏத்திட்டுப் போறப்ப ரெண்டையும் கழட்டி அதோட மூடியைப் போட்டு வெச்சிடுங்க, காடி குலுங்கறப்பல்லாம் டெரெய்லர் முழிச்சுக்கிட்டு சார்ஜைத் தின்னுடும்.