பதினொரு வயது மகளுடன் அந்தமானில் ‘கற்கும் விடுமுறை’யைத் திட்டமிடுவது எப்படி?

ஏப்ரலில் மகளுடன் அந்தமானுக்குப் போய், பத்து நாட்களில் ஆறு தீவுகளைப் பார்க்கத் திட்டமிடுவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். மகள் தானே செய்து கற்க வேண்டும் என்பதே நோக்கமென்றால், ஹேவ்லாக் (ஸ்வராஜ் தீவு), நீல் (ஷஹீத் தீவு) இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை தீவு மாறும்போதும் படகுக்குக் காத்திருப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

விமானச் சீட்டு வாங்கும் முன், கடல் நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே கடல் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்குவதால், நீர் நன்றாக வற்றும் நேரத்தில் நீல் தீவின் லட்சுமண்பூர் கரையில் பாறைத்தட்டு வெளியே தெரியும். அதன் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டைகளையும், நம் நிழல் பட்டதும் தம் ஓடுகளை இறுக மூடிக்கொள்ளும் பெரிய சிப்பிகளையும் காணலாம். மகளிடம் நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஒரே குழியை அரை மணி நேரம் பார்த்து வரையச் சொல்லுங்கள். எதையும் எடுத்துவர வேண்டாம்; உதிர்ந்து கிடக்கும் பவளத் துண்டுக்கும் வனவிலங்குச் சட்டம் பொருந்தும்.

பயணத்தின் மையமாக ஹேவ்லாக்கில் ஸ்கூபா (காற்று உருளையோடு நீருக்கடியில் முக்குளிப்பது) பயிற்சியை வையுங்கள். முக்குளிப்புப் பயிற்சிக்குச் சான்றிதழ் தரும் ‘பாடி’ (PADI) அமைப்பின் விதிப்படி பத்து வயதிலிருந்து சேரலாம். மகளின் வயதுக்கு 12 மீட்டர்தான் எல்லை. முதலில் இடுப்பளவு நீரில் முகமூடிக்குள் வேண்டுமென்றே நீரை விட்டு, அதன் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் மெல்ல ஊதி வெளியேற்றப் பழக்குவார்கள். குழந்தைகள் பயப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், அவசரப்படுத்தாத பயிற்சியாளரைக் கேட்டுப் பெறுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. மூடிய காலி பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர அவர் சம்மதித்தால், அது நசுங்குவதை மகள் கண்ணால் பார்த்துவிடுவாள். ஆஸ்துமாவோ காதுப் பிரச்சினையோ இருந்தால் ஊரிலேயே மருத்துவரின் ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள்.

பாராட்டாங் தீவை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன். அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வழியே போகிறது. மனிதர்களை வேடிக்கை பார்க்கும் வாய்ப்பைக் குழந்தைக்கு நாம் உண்டாக்கித் தரக்கூடாது. அலையாத்திக் காட்டை ஹேவ்லாக்கிலேயே கயாக் என்ற சிறு படகில் துடுப்பு வலித்துப் போய்ப் பார்க்கலாம்.

பல முறை முக்குளித்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பதால், ஸ்கூபாவை முதலிலும் நீலைக் கடைசியிலும் வைத்து, காற்றடித்துப் படகு நின்றாலும் சமாளிக்க ஒரு நாளைக் கையிருப்பாக வைத்திருங்கள்.