தமிழை நிறுத்த வேண்டாம், முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. பதினைந்து சொல்கூடப் பேசுவதில்லை. வீட்டில் பாட்டியிடம் தமிழ், எங்களிடம் ஆங்கிலம், குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சீனமும் கேட்கிறான். மூன்று மொழி குழப்புகிறது, தமிழை நிறுத்துங்கள் என்கிறார்கள். "இவன் அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். என்ன செய்வது? - ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள். பல மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. பாட்டியின் வாயை அடைத்தால், அவனோடு ஓயாமல் பேசுகிற ஆள்தான் போய்விடும்.

"பால்", "மில்க்" இரண்டையும் சொன்னால் இரண்டு சொல்லாகவே எண்ணுங்கள். எல்லா மொழியும் சேர்த்து, இரண்டு வயதில் சுமார் 50 சொற்களும் "அம்மா வா" போன்ற இணைப்பும் எதிர்பார்ப்போம். அந்தக் கணக்கில் அவன் பின்தங்கித்தான் இருக்கிறான். தாமதப் பேச்சு சில குடும்பங்களில் வருவதுண்டு, மாமியார் சொல்வது பொய்யில்லை. ஆனால் எந்தப் பிள்ளை தானாகத் தேறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காத்திருக்க வேண்டாம்.

முதலில் காது. பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருக்கலாம், அது அன்றைய காதுக்கு மட்டும்தான். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தேங்கும். பெரும்பாலும் வலி இருக்காது, சீழ் வராது. நீச்சல் குளத்தில் தலையை முக்கிக்கொண்டு கேட்பதுபோல் இருக்கும். கதவு அறைந்தால் திரும்புவான், "ச", "ப" போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். அதனால் கைதட்டிப் பார்ப்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு மூன்று மாதத்தில் நீர் தானே வடியும். வடியாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பதுண்டு.

அப்புறம், பேச்சு வேறு, மொழி வேறு. "ரயில்" என்பதை "லயில்" என்றால் அது உச்சரிப்பு. இந்த வயதில் கவலையில்லை. விரலால் காட்டாமல் "செருப்பை எடுத்து அப்பாகிட்ட குடு" என்றால் செய்கிறானா? அது மொழி. சொல் குறைவதைவிட, புரிதல் குறைந்தால்தான் எனக்குக் கவலை அதிகம். பெயர் சொன்னால் திரும்பாவிட்டாலோ, பேசிய சொற்களை இழந்தாலோ உடனே காட்டுங்கள்.

பலதுறை மருந்தகத்தில் காட்டி, கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ பரிந்துரை கேளுங்கள். போகும்போது அவன் சொல்லும் சொற்களை எழுதி எடுத்துப் போங்கள். பாட்டியையும் கேட்டு எழுதுங்கள், உங்களுக்குத் தெரியாத நாலைந்து சொல் அவரிடம் இருக்கும்.