குருகும் உண்டு – கடிதம்

வணக்கம் ஐயா,

அரசுக் கல்லூரி ஒன்றில் முதுகலைத் தமிழ் முதலாண்டு படிக்கிறேன். இளங்கலையில் சீனியர்கள் தந்த நோட்ஸை மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் வாங்கினேன். இப்போது செமினாருக்கு ‘குறுந்தொகையில் இயற்கை’ என்று தலைப்பு எடுத்து, நூலகத்தில் கிடைத்த புத்தகங்களைப் பார்த்துப் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் படித்துவிட்டு, “எல்லாம் சரிம்மா, இதுல நீ என்ன சொல்ற?” என்றார். என்னிடம் பதில் இல்லை. எத்தனையோ பேர் ஆராய்ந்துவிட்ட பாட்டில் நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? முதலில் கோட்பாடுகளைப் படிக்க வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் பேராசிரியர் கேட்டது சரியான கேள்வி. அப்படிக் கேட்கும் ஆசிரியர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அவரை விட்டுவிடாதீர்கள்.

சிக்கல் தலைப்பிலேயே இருக்கிறது. 401 பாட்டுகளின் இயற்கையைப் பத்துப் பக்கத்தில் எழுதப் போனால் பட்டியல்தான் போட முடியும். இன்னின்ன பூ, இன்னின்ன பறவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டடி மேற்கோள், பிறகு ‘என்று புலவர் நயம்பட உரைக்கிறார்.’ உங்கள் கட்டுரையில் இந்த வாக்கியத்தைத் தேடிப் பாருங்கள். அது வரும் இடமெல்லாம் நீங்கள் பேசியிருக்க வேண்டிய இடம்.

ஒரே ஒரு பாட்டை எடுங்கள். கபிலர் பாடிய 25ஆம் பாட்டு:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

முதலில் இதை உங்கள் நடையில் எழுதுங்கள். ‘வேறு யாருமே இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அன்று, தினைத்தாள் போன்ற சின்னஞ்சிறு பசுங்கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல்மீனைப் பார்த்தபடி ஒரு குருகும் இருந்தது.’ குருகு என்றால் நாரை போன்ற நீர்ப்பறவை. இது பள்ளிக்கூட வேலை என்று தோன்றலாம். கேம்பிரிட்ஜில் இலக்கிய விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை நீக்கிய கவிதைகளைக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொன்னார். அந்த அனுபவத்தை 1929இல் புத்தகமாக வெளியிட்டபோது அவர் சொன்ன முதல் குறையே, பலருக்குக் கவிதையின் நேர்ப்பொருள் பிடிபடவில்லை என்பதுதான்.

எழுதும்போது எங்கே தயங்கினீர்கள்? நான் நிற்கும் இடத்தைச் சொல்கிறேன். யாருமில்லை என்று தொடங்கியவள் எதற்காகக் குருகைக் கொண்டுவருகிறாள்? ஐந்தடிப் பாட்டில் பாதியை, சாட்சி சொல்ல முடியாத ஒரு பறவைக்குக் கொடுத்துவிடுகிறாள். அதன் கண்ணோ மீன்மேல். ஆனால் இவள் அதன் கால் எவ்வளவு மெலிது, என்ன நிறம் என்பதுவரை பார்த்திருக்கிறாள். அந்தக் குருகு நடந்ததற்குச் சாட்சியாக வரவில்லை, அவளுடைய நினைவுக்கு ஆதாரமாக வருகிறது என்பது என் வாசிப்பு. அவன் மறுத்தாலும் அந்தக் கால்களை அவள் கண்டது கண்டதுதான்.

நீங்கள் இதை ஏற்க வேண்டியதில்லை. மீனுக்குக் காத்து நிற்கும் குருகு அவனையே குறிக்கிறது என்று ஒருவர் வாதிடலாம். இயற்கைக் காட்சிக்குள் மனிதர் நிலையை மறைத்துச் சொல்லும் உள்ளுறை மரபு அதற்கு இடம் தரும். என் பதில்: இரை தேடுபவனைக் காட்டுவதுதான் நோக்கமென்றால் அலகைச் சொல்லியிருப்பாள், அவள் சொல்வது காலை. அதற்கு அவள் எடுக்கும் உவமையும் தினைத்தாள். குறிஞ்சிப் பெண் தினைப்புனம் காப்பவள் என்ற மரபு தெரிந்தால், தினமும் பார்த்துப் பழகிய கண்ணால்தான் அன்றும் பார்த்திருக்கிறாள் என்பது புரியும். மரபு பற்றிய அறிவு இங்கே வருகிறது பாருங்கள், கேள்விக்குப் பின்னால். இன்னொருவர் மறுக்கக்கூடிய ஒரு வாக்கியம் உங்களுக்குக் கிடைத்துவிட்டால் கட்டுரை தொடங்கிவிட்டது. இது நமக்குப் புதிதும் அல்ல. உரைக்கு நன்னூல் வகுக்கும் 14 உறுப்புகளில் வினா, விடை, துணிவு மூன்றும் இருக்கின்றன.

இவ்வளவும் செய்தபின் உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பைத் திறந்து அவர் உரையோடு உங்கள் உரையை ஒப்பிடுங்கள். ‘வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது’ என்று, யார் யாரிடம் எப்போது சொன்னது எனக் காட்டும் துறைக்குறிப்பையும் அப்போது பாருங்கள். வரைவு என்றால் கல்யாணம். இத்தகைய குறிப்புகள் பிற்காலத்தில் சேர்ந்தவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. குறிப்பில்லாமல் பாட்டு எப்படி நிற்கிறது என்பதே இன்னொரு கட்டுரைக்கான பொருள்.

கோட்பாடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இலங்கைத் தமிழ் விமர்சகர் க. கைலாசபதி 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட தம் ஆங்கில நூலில் வாய்மொழிக் காவிய ஆய்வுகளைத் துணைக்கு அழைத்தார் என்றால், சங்கப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் ஏன் வருகின்றன என்ற கேள்வி அவரிடம் இருந்தது. கேள்வி இல்லாமல் கோட்பாட்டைப் படித்தால் அது இன்னொரு நோட்ஸ் ஆகிவிடும்.

கபிலரின் 18ஆம் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பேசுவது தோழி, சின்னக் கிளையில் பெரிய பலாப்பழம் தொங்குகிறது. இரண்டிலும் கல்யாணம் தள்ளிப்போகும் கவலைதான். தலைவிக்கு வந்த குருகு ஏன் தோழிக்கு வரவில்லை என்று நாலு பக்கம் எழுதி, முதலில் உங்கள் பேராசிரியரிடம் கொடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.